ரெண்டு பேருக்கு ஒரு கார்டு

பெரியம்மாளிடம் ஒரு கார்டு இருந்தது, பூங்கோதையிடம் அதுவும் இல்லை. இரண்டு பேருக்கும் இடையில் இருந்த வித்தியாசம் அவ்வளவுதான். மற்றபடி இருவருக்கும் வீடு கிடையாது. விருத்தாசலத்தில் பொம்மைக் கம்பெனிகள் இருக்கிற பேட்டையில், ஒரு சூளைக் கொட்டகையின் பின்சுவரை ஒட்டித்தான் இருவரும் படுத்தார்கள். சூளை எரிந்து முடிந்தால் மூன்று நாளைக்கு அந்தச் சுவர் கதகதவென்று இருக்கும். முதலாளி கண்டும் காணாமல் விட்டுவிட்டார். சம்பளமில்லாமல் இரண்டு காவல்காரிகள் கிடைத்தால் எந்த முதலாளி விரட்டுவார்?

கார்டு என்றால் ஆஸ்பத்திரிக் காப்பீட்டு கார்டு. ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, இடுப்பில் சுருக்குப்பைக்குள் வைத்திருந்தாள் பெரியம்மாள். நல்லூர்ப் பக்கத்துக் கிராமத்தில் மகன் வீட்டிலிருந்து கிளம்பியபோது அவள் எடுத்துக்கொண்டு வந்தது அது ஒன்றைத்தான். அதற்காகத்தான் கிளம்பினாள் என்றுகூடச் சொல்லலாம். அவளுக்கு அடி இறங்கியிருந்தது. நின்றால், நடந்தால், இருமினால் கர்ப்பப்பை தொடைக்கு நடுவில் வந்து நிற்கும். கோமணம் மாதிரி துணி வைத்து இறுக்கிக் கட்டிக்கொள்வாள். சிறுநீரும் அடங்காது. வீட்டில் மருமகள் இளமதி, "பாயெல்லாம் நாறுது, புள்ளைங்க இருக்கற வூடு" என்றாள். மகன் தங்கதுரை ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பதைவிடப் பெரிய சொல் எது? மறுநாள் பாய் மாட்டுக்கொட்டகைக்குப் போனது. இரண்டு மாதம் மாட்டோடு மாடாகப் படுத்துப் பார்த்துவிட்டு பஸ் ஏறினாள். அது நடந்து ஐந்து வருஷம்.

வந்த புதிதில் பொம்மைக் கம்பெனியிலேயே வேலை கிடைத்தது. அச்சிலிருந்து எடுத்துக் காயவைத்த பொம்மையின் விளிம்பில் பிசிறு நிற்கும். அதை ஈரப் பஞ்சாலும் உப்புத்தாளாலும் தேய்த்து வழுவழுவென்று ஆக்க வேண்டும். நான்கு வருஷம் பிள்ளையார், முருகன், லட்சுமி என்று எல்லாச் சாமிகளுக்கும் பிசிறு எடுத்தாள். சாமிகள் வழுவழுப்பானார்கள், கூடவே அவள் விரல்களும் வழுவழுப்பாயின. ரேஷன் மெஷினோ ஆஸ்பத்திரி மெஷினோ எதில் வைத்தாலும் அவள் ரேகை ஏறாது. கடைசியில் பக்கத்தில் உட்கார்ந்த பெண்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு முறையிட, அந்த வேலையும் போயிற்று.

பூங்கோதை திட்டக்குடிப் பக்கம். நாற்பத்தாறு வயது. புருஷன் இன்னொருத்தியைக் கூட்டி வந்தான். கூட்டி வந்தவன் முதல் வேலையாக ரேஷன் கார்டில் இவள் பெயரை அடித்துவிட்டு அவள் பெயரைச் சேர்த்தான். குதிரை கீழே தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்த கதை. பஸ் ஸ்டாண்டில் பாட்டில் பொறுக்கிப் பிழைத்தாள். எட்டு மாதமாக அவளுக்கு உதிரப்போக்கு நிற்கவில்லை. உதடு, நகமெல்லாம் வெளுத்து, வேகாத பொம்மை மாதிரி இருந்தாள். அந்த நிலைமையிலும் பெரியம்மாளின் மூத்திரத் துணியைத் தன் துணியோடு சேர்த்து அடித்துத் துவைத்துப் போடுவாள். "ஒனக்குக் குனிய முடியாது, எனக்குக் குனிய முடியுது. அவ்ளோதானக்கா" என்பாள்.

செவ்வாய்க்கிழமை தோறும் பஸ் ஸ்டாண்ட் ஓரம் ஒரு வேன் வந்து நிற்கும். ஊருக்கு வெளியே இருந்த ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் இலவச முகாம். பிரபாகரன் என்று ஒருத்தன் மடக்கு மேஜை போட்டு உட்கார்ந்திருப்பான். உடம்புக்கு என்ன என்று அவன் கேட்டதில்லை. முதல் கேள்வியே, "கார்டு இருக்குதா?" இருந்தால் "உக்காருங்கம்மா", இல்லாவிட்டால் "தள்ளி நில்லும்மா". பெரியம்மாளை உட்காரச் சொன்னான், பரிசோதித்தார்கள், இறங்கினதை மேலே தூக்கித் தைத்துவிடலாம் என்று வெள்ளிக்கிழமைக்குத் தேதி கொடுத்தார்கள். ஐந்து வருஷத்துக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தாள் அவள். தைத்துவிட்டால் நாற்றம் போய்விடும். நாற்றம் போனால் வேலை கிடைக்கும். யார் கண்டது, மகன்கூடக் கூப்பிடலாம். பெத்த மனம் பித்து என்று சும்மாவா சொன்னார்கள்?

வியாழக்கிழமை காலை அடிபம்பு அருகே பூங்கோதை கண் இருட்டி விழுந்தாள். சேலையெல்லாம் ரத்தம். தண்ணீர் தெளித்து உட்கார வைத்த பெரியம்மாள் முந்தானையால் அவள் முகத்தைத் துடைத்தாள். பிறகு சொன்னாள்.

"நாளைக்கு நீ போ."

"எங்க?"

"ஆசுபத்திரிக்கு. எங்கார்ட எடுத்துகிட்டு, எம்பேருல."

"ஒனக்குப் பித்து புடிச்சிருக்கா? ஒனக்குல்ல தேதி குடுத்திருக்காங்க!"

"எறங்கனது எறங்கனதுதான், அதுனால நான் செத்துட மாட்டேன். ஒன்னுது ஓடிகிட்டே இருக்குதுடி. நீ மொதல்ல பண்ணிக்க, நான் அடுத்த மாசம் பண்ணிக்கறேன்."

பிரபாகரனிடம் ஒளிக்க முடியாது என்று அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய் அவனிடமே சொன்னார்கள். அவன் கார்டின் போட்டோவைப் பார்த்தான், பூங்கோதையைப் பார்த்தான். போட்டோவில் கறுப்பாக ஒரு முகம், எதிரில் வெளுத்துப்போன ஒரு முகம். அவனுக்கு வீதியில் கிடக்கிற பெண்கள் எல்லாருக்கும் ஒரே முகம்தான்.

"யாரு வந்தா எனக்கென்னாம்மா, கார்டு வந்தா சரி. இவங்களுக்குக் கர்ப்பப்பைய எடுக்கறது, ஒங்களுக்குத் தூக்கித் தைக்கறது. அது வேற கணக்கு, இது வேற கணக்கு. அடுத்த மாசம் இதே கார்டுல ஒங்களுக்கும் போட்டுடலாம்" என்றான். ரேகை என்ன செய்வது என்று கேட்டாள் பெரியம்மாள். "ஒங்க வெரலு எப்படியும் ஏறப் போறதில்ல. ஏறலன்னா அமுக்கறதுக்கு வேற பட்டன் இருக்குது" என்று சிரித்தான். மகராசன், எல்லாவற்றுக்கும் வழி வைத்திருந்தான்.

ஆஸ்பத்திரியில் நோயாளிக்குத் துணை ஒரு ஆள் வேண்டும் என்றார்கள். பூங்கோதை பெரியம்மாளானாள், பெரியம்மாள் அவள் அக்கா பூங்கோதை ஆனாள். பெயர்களை மாற்றி எழுதிக் கைநாட்டு வைத்தார்கள். நர்ஸ் வந்து "பெரியம்மா, பெரியம்மா" என்று கூப்பிட, பூங்கோதை பாட்டுக்கு விட்டத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். பெரியம்மாள்தான் இடித்துக் காட்டினாள்.

"ஒன் பேரச் சொல்லிக் கூப்புட்டா எனக்குத் திரும்பணும்னே தோணலக்கா" என்று பூங்கோதைக்கு ஒரே சிரிப்பு. "ஆனா கட்டிலு நல்லா இருக்குது. மெத்த. நீயும் கொஞ்சம் உக்காந்து பாரு." யாரும் வருகிறார்களா என்று பார்த்துவிட்டு பெரியம்மாளும் ஓரத்தில் உட்கார்ந்து பார்த்தாள். நல்லாத்தான் இருந்தது.

ரத்தம் குறைவாக இருக்கிறது, ஏற்றிவிட்டுத்தான் அறுக்க வேண்டும் என்று ஒரு நர்ஸ் சொன்னது இவள் காதிலும் விழுந்தது. ஒரு பாட்டில் ஏற்றினார்கள். இன்னும் இரண்டு பாட்டில் வேண்டும், ரத்தம் கொடுக்க உறவுக்காரர்களைக் கூட்டி வா என்றார்கள். எங்கே போவாள்? "என்னுத எடுத்துக்குங்க" என்று முழங்கையை நீட்டினாள். அவர்கள் அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். ஆனாலும் தேதி குறித்தது குறித்ததுதான், வெள்ளிக்கிழமை அறுத்தார்கள். கார்டுப் பணம் காத்திருக்குமா? ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, பெரியம்மாள் காபி வாங்கி ஆற்றிக்கொண்டு இருக்கும்போது, பூங்கோதை செத்துப்போனாள்.

கத்த வாயெடுத்த பெரியம்மாளை நர்ஸ் கையைப் பிடித்து வராந்தாவுக்குத் தள்ளிக்கொண்டு போனாள். பிரபாகரன் ஓடி வந்தான். அவன் முகத்தில் முதல்முறையாக வேர்வை.

"இதபாரும்மா, வாயத் தொறக்காத. ஆளு மாத்திப் படுக்க வெச்சது தெரிஞ்சா மொத கேசு ஒம்மேலதான். கார்டுல ஒம் புள்ள நம்பரு இருக்குது. ஆபீசுல அவருக்குப் போன் பண்ணிட்டாங்க."

ஒரு மணி நேரத்தில் தங்கதுரை வந்தான். ஐந்து வருஷத்தில் வயிறு போட்டிருந்தான், முன்மண்டையில் முடி கொட்டியிருந்தது. வராந்தாத் தூணுக்குப் பின்னால் முக்காடு போட்டுக்கொண்டு அவள் நின்றாள். 'உள்ளே போவான், துணியை விலக்குவார்கள், இது எங்கம்மா இல்லை என்று கத்துவான், போலீஸ் வரும்' என்று பயந்ததில் துணி நனைந்தது. அந்தப் பயத்துக்குள்ளேயும் ஒரு ஓரத்தில் ஒரு நப்பாசை. இல்லை என்று தெரிந்ததும் அவன் முகம் மலருமே, நம்ம அம்மா சாகவில்லை என்று ஒரு மூச்சு விடுவானே, அதைப் பார்க்க வேண்டும் என்று எட்டிப் பார்த்தாள்.

துணியை விலக்கினார்கள். தங்கதுரை குனிந்து பார்த்தான். நிமிர்ந்தான். வாசல் பக்கம் ஒரு தடவை பார்த்தான். மறுபடி குனிந்து பார்த்தான். பிறகு தலையில் அடித்துக்கொண்டு, "ஐயோ, என்னப் பெத்தவளே, என்ன வுட்டுட்டுப் போயிட்டியே" என்று கதறினான்.

பெரியம்மாளுக்கு ஒன்றும் புரியவில்லை. முகத்தை மறந்துவிட்டானா? ஐந்து வருஷம் ஆகிறது, செத்த முகம் எல்லாம் ஒரே மாதிரிதான், கண்ணில் தண்ணீர் நின்றால் எப்படித் தெரியும் என்று அவளே அவனுக்காக வாதாடினாள். பிள்ளைக்கு வக்கீல் தாயைவிட வேறு யார்? முன்னால் போய், "டேய் நான்தான்டா" என்று சொல்ல ஒரு அடி வைத்தாள். வைத்த காலை இழுத்துக்கொண்டாள். அவள் பயந்தாள், அது உண்மை. ஆனால் பயம் மட்டுமில்லை. அவள் சொல்லிவிட்டால் பூங்கோதை கேட்பாரில்லாத பிணம். நகராட்சி வண்டியில் போட்டு எங்கேயாவது தள்ளுவார்கள். சொல்லாவிட்டால் அவளுக்கு ஒரு பிள்ளை கிடைப்பான், கொள்ளி கிடைக்கும், பால் தெளிப்பு கிடைக்கும். தன் மூத்திரத்துணி துவைத்தவளுக்கு அவளால் கொடுக்க முடிந்தது அதுதான். கொடுத்துவிட்டாள்.

ஊருக்குத் தூக்கிப் போகவில்லை தங்கதுரை. அறுத்த உடம்பு, வைத்திருக்கக் கூடாது என்று சொல்லி, நாலு பேரை மட்டும் வரவழைத்து மணிமுத்தாற்றங்கரைச் சுடுகாட்டிலேயே முடித்தான். மூடிய துணியைக் கடைசிவரை விலக்கவில்லை. காசிக்கு வீசம் அதிகம் விருத்தகாசி, இங்கே எரியக் கொடுத்து வைத்தவள் என்று வந்தவர்கள் பேசிக்கொண்டார்கள். பாலத்தின் மேல் நின்று பெரியம்மாள் புகையைப் பார்த்தாள். வாய்விட்டு அழுதாள். அழுதது பூங்கோதைக்குத்தான்.

அடுத்த செவ்வாய் விட்டு அதற்கடுத்த செவ்வாய் வேனுக்குப் போனாள். அடி இப்போது முன்னைவிட இறங்கி, உரசி உரசிப் புண்ணாகியிருந்தது. ஜுரம் வேறு. பிரபாகரன் அவளைக் கண்டதும் மேஜையை மடக்கப் பார்த்தான்.

"அந்தக் கார்டு செத்துப்போச்சும்மா. கம்ப்யூட்டர்ல பெரியம்மாள் எறந்துட்டாங்கன்னு ஏத்தியாச்சு. சர்ட்டிபிகேட்டும் வாங்கிட்டுப் போயிட்டாரு ஒம் புள்ள."

"நான் உசுரோட நிக்கறனே தம்பி. வேணும்னா வெரல வெச்சுப் பாரு."

வைத்துப் பார்த்தான். ஏறவில்லை. பத்து விரலும் வைத்தாள். பொம்மைகளிடம் போய்ச் சேர்ந்த ரேகை மெஷினுக்கு எப்படி வரும்? அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போகட்டுமா என்று கேட்டாள். "போ. அவங்களும் இந்த ஆபரேசனுக்குக் கூட இருக்க ஆளு எங்க, கையெழுத்து எங்கன்னுதான் கேப்பாங்க. யாரும்மா நீன்னு கேட்டா என்னா சொல்லுவ? பெரியம்மாள்னு சொன்னின்னா அப்ப செத்தது யாருன்னு கேப்பாங்க" என்றான். கொஞ்சம் இரக்கம் வந்தவன்போலக் குரலைத் தாழ்த்தினான். "ஒம் புள்ள வந்து, தப்பா அடையாளம் சொல்லிட்டேன்னு எழுதிக் குடுத்தா மாத்திடலாம். அவரு ஒருத்தராலதான் முடியும்."

அப்படியென்றால் ஒன்றும் கெட்டுப்போகவில்லை என்று நினைத்தாள் பெரியம்மாள். அவன்தானே, கேட்டால் போச்சு.

பதினாறாம் நாள் கருமாதி ஆற்றங்கரையில்தான் நடக்கும் என்று அவளுக்குத் தெரியும். கருமாதிச் சாப்பாடு எந்தப் படித்துறையில் எத்தனை மணிக்கு என்பது அவளைப் போன்றவர்களுக்குத் தெரியாமல் யாருக்குத் தெரியும்? கோயில் வாசலில் கிடக்கிற ஏழெட்டுக் கிழவிகளோடு சேர்ந்து அவளும் முக்காடு போட்டுக்கொண்டு போய் மரத்தடியில் நின்றாள். ஆற்றில் தண்ணீர் இல்லை. குடத்தில் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். இளமதி, அவள் அண்ணன், பங்காளிகள் நாலைந்து பேர். நாற்காலியில் மாலை போட்ட ஒரு போட்டோ. மகன் கல்யாணத்தில் எடுத்தது, பட்டுச்சேலையில் பெரியம்மாள் வாயெல்லாம் பல்லாக நின்றாள்.

தலை மழித்துக்கொண்டு தங்கதுரை குடத்தோடு தனியாகக் குளிக்கப் போனபோது, படித்துறை மண்டபத்துக்குப் பின்னால் அவனை மறித்தாள். முக்காட்டை எடுத்தாள்.

"தம்பி, பயந்துடாத. நான்தான்டா. நான் சாகல."

அவன் திடுக்கிடவில்லை. குடத்தைக் கீழே வைத்தான். யாராவது பார்க்கிறார்களா என்று மட்டும் திரும்பிப் பார்த்தான்.

"தெரியும்" என்றான்.

"என்னாடா தெரியும்?"

"அன்னிக்கே தெரியும். நீ தூணுகிட்ட நின்னத பாத்துட்டுதான் திரும்பக் குனிஞ்சு பாத்தேன். நீயும் சும்மா நின்ன. சரி, ஒனக்கும் சம்மதம்னு நெனச்சுகிட்டேன்."

இத்தனை நாளும் அவள் அவனுக்காகப் பேசின வாதமெல்லாம் ஒரே வார்த்தையில் தோற்றது. சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏன்டா?"

"அந்த ஒரு காணி நெலம் ஒம் பேருலதான் இருக்குது. எத்தினி தடவ கேட்டேன், எழுதிக் குடுத்தியா? இப்ப வாரிசு சர்ட்டிபிகேட்டுக்கு எழுதிப் போட்டாச்சு."

"எடுத்துக்கடா. காணிய எடுத்துக்க. எங்க கைநாட்டு வெக்கணும்னு சொல்லு, வெக்கறேன். ஒங்கூட வூட்டுக்கு வரமாட்டேன், சாமி சத்தியமா வரமாட்டேன். ஆசுபத்திரிக்கு வந்து, எங்கம்மா உசுரோட இருக்குதுன்னு ஒரே ஒரு கையெழுத்து போடு. என்னால நிக்க முடியலடா. புண்ணு வெச்சு சீழு புடிச்சிருக்குது. தெச்சுடுவாங்க, அவ்ளோதான்."

"செத்தவங்க கைநாட்டு செல்லாதும்மா." அவன் குரலில் கோபம்கூட இல்லை, பஸ் எப்போது என்று சொல்கிறவன் மாதிரி சொன்னான். "நீ உசுரோட இருக்கறன்னு நான் எழுதிக் குடுத்தா, அப்ப யார எரிச்சன்னு என்னப் புடிச்சு உள்ள வெப்பாங்க. எனக்கு ரெண்டு புள்ளைங்க இருக்குது. நீயே சொல்லு."

அந்த இரண்டு பேரில் பெரியவனுக்குப் பெயர் வைத்தது அவள்.

போகத் திரும்பியவன் நின்றான். இத்தனை நேரம் இல்லாத ஒரு கலக்கம் அப்போதுதான் அவன் முகத்தில் வந்தது. பக்கத்தில் வந்து மெல்லக் கேட்டான்.

"அந்தப் பொம்பள... அது என்ன ஆளுங்க?"

பெரியம்மாள் அவனை ஏறிட்டுப் பார்த்தாள். அவள் வயிற்றில் பத்து மாதம் கிடந்தவன், அவள் கர்ப்பப்பை எங்கே கிடக்கிறது என்று கேட்கவில்லை. கொள்ளி வைத்த பிணத்தின் சாதியைக் கேட்கிறான்.

"தெரியாது" என்றாள். "அவ சொன்னதில்ல. நான் கேட்டதுமில்ல."

பூங்கோதை சொல்லியிருந்தாள். பெரியம்மாளுக்குத் தெரியும். அவனுக்கு மட்டும் அது தெரியவே கூடாது, சாகிற வரைக்கும் நினைத்து நினைத்துப் பார்க்கட்டும் என்று அப்போதுதான் முடிவு செய்தாள். அவள் அவனுக்கு வைத்துவிட்டுப் போக வேறு சொத்து இல்லை.

படித்துறையில் ஐயர் கூப்பிட்டார். தங்கதுரை போய் உட்கார்ந்து, இறந்தவள் பெயரை மூன்று தடவை சொல்லி எள்ளும் தண்ணீரும் இறைத்தான். பெரியம்மாளுக்கு நிற்கவும் முடியவில்லை, நடக்கவும் முடியவில்லை. கிழவிகளின் வரிசையில் போய், ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். இலை போட்டார்கள். பசித்தது, சாப்பிட்டாள். வடை வைத்துக்கொண்டு வந்த இளமதி முக்காட்டுக்குள் ஒரு கணம் பார்த்தாள். கை நின்றது. பிறகு ஒரு வடை கூடுதலாக வைத்துவிட்டு அடுத்த இலைக்குப் போனாள்.

சாப்பாடு முடிந்ததும் செத்தவள் பெயரில் தானம். ஆளுக்கு ஒரு நூல் சேலை. தங்கதுரையே ஒவ்வொருத்தியாகக் கொடுத்துக்கொண்டு வந்தான். பெரியம்மாளிடம் வந்தபோது பார்வையைத் தூக்காமல் மடியில் போட்டுவிட்டு நகர்ந்தான். ஊரிலிருந்து வந்த வேனில் எல்லாரும் ஏறினார்கள், போட்டோவையும் ஏற்றினார்கள், வேன் போய்விட்டது.

பெரியம்மாள் சேலையை விரித்துப் பார்த்தாள். நல்ல கனமான நூல், தண்ணீர் இழுக்கும். முந்தானையைப் பல்லில் கடித்து நீளவாக்கில் கிழிக்க ஆரம்பித்தாள்.

"புதுச் சேலயப் போயி கிழிக்கறியே, ஒனக்கென்ன கிறுக்கா?" என்று பக்கத்துக் கிழவி பதறினாள்.

பெரியம்மாள் கட்டுவதற்கு ஏற்ற அகலத்துக்கு மடித்து மடித்துக் கிழித்தாள். முதலில் எட்டுத் துண்டு போடலாம் என்றுதான் நினைத்தாள். தூக்கித் தைக்க இனி யாரும் இல்லை, எத்தனை வருஷத்துக்கு வர வேண்டுமோ தெரியாது என்று தோன்றியதும், இன்னும் சின்னதாகக் கிழித்துப் பன்னிரண்டு போட்டாள்.